முகப்பில் கடையின் பெயர்

ராச்டேலில் ஒரு செங்கல் வீட்டின் பின்புறக் கார் ஷெட்தான் பட்டறை. கார் அதற்குள் நுழைந்து வெகு காலம் ஆகியிருக்கும். மூன்று சுவரிலும் தட்டுகள், தட்டு நிறைய வால்வு அட்டைப் பெட்டிகள். பெஞ்சுக்குப் பக்கத்தில், பழைய கம்பளம் ஒன்றின் மேல், இடுப்பு உயரத்துக்கு ஒரு ரேடியோகிராம் நிற்கிறது. வால்நட் வெனீர் ஒட்டிய பெட்டி. ஒரு பக்கம் ரேடியோ டயல், மூடியைத் தூக்கினால் இசைத்தட்டு சுழலும் மேடை. முகப்பில் மங்கிய தங்க நிறத்தில் ‘டிஃபையன்ட்’ என்ற பெயர். பின்பலகையைக் காணோம்.

சிக்கலே அந்தப் பின்பலகைதான். மாடல் எண், சீரியல் எண், எத்தனை வோல்ட், எந்த வால்வு எந்த இடத்தில் என்பதெல்லாம் அதில் ஒட்டிய தாளில்தான் இருக்கும். வெறும் அட்டைப் பலகை என்பதால் பழுது பார்க்கக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டாமல் விட்டுவிடுவார்கள். வீடு மாறும்போது அது குப்பைக்குப் போய்விடும். பிலிப்ஸ், மர்ஃபி போன்ற கம்பெனிப் பெயர் முகப்பில் இருந்தால் பின்பலகை இல்லாமலும் சமாளிக்கலாம். யார் செய்தார்கள் என்பது தெரியும், அவர்களுடைய மாடல் பட்டியலைத் தேடிப் பிடித்துவிடலாம். டிஃபையன்ட் செய்தவரின் பெயர் இல்லை, விற்றவரின் பெயர்.

விற்றது கூட்டுறவுக் கடை. 1844 டிசம்பர் 21 அன்று நெசவாளிகளும் மற்றத் தொழிலாளிகளுமாகச் சேர்ந்து டோட் லேனில் வெண்ணெயும் மாவும் சர்க்கரையும் விற்கத் தொடங்கிய அதே ராச்டேல் இது. அந்தக் கட்டடம் இன்று அருங்காட்சியகம். வாங்கிய தொகைக்கு ஏற்றபடி உறுப்பினருக்கு லாபத்தில் பங்கு கொடுப்பது அவர்களுடைய வழக்கம். 1930-களில் ரேடியோ முதலாளிகள் இதைக் காரணம் காட்டினார்கள். நாங்கள் விலை வைத்தால் அதே விலைக்குத்தான் விற்க வேண்டும், பங்கு கொடுப்பது மறைமுகத் தள்ளுபடி என்று சொல்லி, கூட்டுறவுக் கடைகளுக்குச் சரக்குக் கொடுக்க மறுத்தார்கள். கூட்டுறவு மொத்த விற்பனைச் சங்கம் பணிந்துபோகவில்லை. இல்ஃபோர்டில் இருந்த ப்ளெஸ்ஸி போன்ற தொழிற்சாலையில் செய்ய வைத்துத் தன் பெயரில் விற்றது. எதிர்த்து நிற்பவன் என்று அதற்குப் பெயரும் வைத்தது. பழைய ரேடியோப் பெயர்களில் இத்தனை நேர்மையான பெயர் எனக்கு வேறு தெரியாது.

பட்டறைக்காரருக்கு எழுபது தாண்டிவிட்டது. டிவியை வாடகைக்கு விட்ட கடை ஒன்றில் பையனாகச் சேர்ந்து தொழில் பழகியவர். நான் போனபோது செட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றையும் தொடாமல் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மேலிருந்து, பக்கத்திலிருந்து, வால்வுகள் ஒவ்வொன்றாக. தூசியைக்கூட ஊதவில்லை. “தூசியில் கைரேகை இருக்கும்” என்றார். உண்மைதான். பாகங்களைப் பூட்டிய உலோகச் சட்டமான சேசிஸ் முழுக்க ஒரே கறுப்புப் படலம். ஒரு வால்வைச் சுற்றி மட்டும் அது மெலிதாக இருந்தது. அந்த வால்வை யாரோ பிற்பாடு மாற்றியிருக்கிறார்கள்.

செட்டின் சொந்தக்காரி பக்கத்து ஊரில் நர்ஸ். பாட்டி வீட்டைக் காலி செய்தபோது எடுத்து வந்தது. 1954-இல் பாட்டியின் கல்யாணத்துக்கு வந்த சீர் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்களாம். வேலை செய்ய வேண்டும் என்பது ஒரு கோரிக்கை; அந்த வருஷம் சரியா என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது இன்னொன்று.

வருஷத்துக்கு முதல் சாட்சி டயல் கண்ணாடி. அதில் லைட், ஹோம், தேர்ட் என்று பி.பி.சி.யின் மூன்று நிகழ்ச்சிப் பெயர்கள் அச்சாகியிருந்தன. தேர்ட் தொடங்கியது 1946 செப்டம்பரில். 1967 செப்டம்பர் 30 அன்று பழைய பெயர்கள் போய் ரேடியோ 1, 2, 3, 4 என்று எண்கள் வந்தன. ஆக, இந்த இருபத்தொரு வருஷத்துக்குள் ஏதோ ஒன்று. மத்திய அலை, நெட்டலைக் கோடுகளுக்குக் கீழே இன்னொரு கோடும் இருந்தது: வி.எச்.எஃப். இன்று நாம் பண்பலை என்று சொல்வது. பிரிட்டனில் பி.பி.சி. அதை முறையாகத் தொடங்கியது 1955 மே 2 அன்று, தென்கிழக்கில் ரோதம் கோபுரத்திலிருந்து. இந்தப் பக்கத்து மக்களுக்குக் கிடைத்தது 1956 டிசம்பரில், பென்னைன் குன்றுகளின் மேல் ஹோம் மாஸ் கோபுரம் அதை அனுப்பத் தொடங்கிய பிறகு. கூடுதல் காசு கொடுத்து வி.எச்.எஃப். செட் வாங்கும் எண்ணம் அதற்கு முன் ராச்டேல்காரருக்கு எளிதில் வந்திருக்காது. 1954 அங்கேயே அடிபட்டுப் போனது.

டயல் கண்ணாடியைப் பட்டறைக்காரர் இன்னும் துடைக்கவில்லை. எழுத்து அச்சாகியிருக்கும் உட்பக்கத்தைத் துடைக்கவும் மாட்டார். ஈரத் துணி ஒரு முறை பட்டால் ஹில்வர்சம், ஆத்லோன், லக்சம்பர்க் என்று ஊர்கள் எல்லாம் துணியோடு வந்துவிடும். வெளிப்பக்கத்தை மட்டும்தான் சுத்தம் செய்வார்.

அடுத்து வால்வு. பிரிட்டன் செட்டுகளில் 1930-களின் பிற்பகுதியிலிருந்து எட்டுக் கால் ஆக்டல், 1940-களின் கடைசியிலிருந்து சிறிய ரிம்லாக், 1950-களில் ஒன்பது ஊசி நோவல் என்று அடித்தளம் மாறிக்கொண்டே வந்தது. பெரும்போக்கு அது, இதில் இருந்தவை எல்லாம் நோவல். ஈ.சி.சி.85, ஈ.சி.எச்.81, ஈ.பி.எஃப்.89, ஈ.ஏ.பி.சி.80, ஒலிக்கு ஈ.எல்.84, மின்திருத்தத்துக்கு ஈ.இசட்.80. வால்வின் மேல் அச்சான மல்லார்ட் முத்திரை விரல் பட்டாலே உதிரும். அடியில், கண்ணாடியிலேயே அரித்துப் பதித்த சாம்பல் நிறக் குறியீடு இருக்கிறதே, அது போகாது. ஆனால் கண்ணுக்குத் தெரிவது கடினம். ஈ.சி.எச்.81-ஐ மெல்லப் பிடுங்கி, வாய்க்கு அருகே வைத்து ஆவி படும்படி ஒரு மூச்சு விட்டு, விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தார். பனித்த கண்ணாடியில் எழுத்து எழும்பியது: பி7எச்3. பி என்றால் பிளாக்பர்ன் தொழிற்சாலை. 7 ஆண்டின் கடைசி எண். எச் எட்டாவது எழுத்து, அதனால் ஆகஸ்ட். 3 என்பது மாதத்தின் மூன்றாவது வாரம். ராச்டேலிலிருந்து பிளாக்பர்ன் அப்படி ஒன்றும் தொலைவில்லை. அந்தக் காலத்து ரேடியோத் தொழிற்சாலைகளில் வரிசையாக உட்கார்ந்து வால்வு கோத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் ஒருவரின் பெயரும் எந்தச் செட்டிலும் கிடையாது. இந்த நாலு எழுத்துதான் மிச்சம்.

ஈ.எல்.84-இன் குறியீட்டில் ஆண்டு எண் 3. அதை வைத்து இது 1963 செட் என்று சொன்னால் தப்பு. உழைத்துச் சூடாகும் வால்வு அதுதான், முதலில் தேய்வதும் அதுதான். தூசி மெலிந்திருந்ததும் அதைச் சுற்றித்தான். கடுமையாக உழைக்காத வால்வுகளே நல்ல சாட்சிகள். ஈ.பி.எஃப்.89-உம் ஈ.ஏ.பி.சி.80-உம் ஏழு என்றே சொல்லின.

7 என்றால் 1957-ஆ, 1967-ஆ? ஒற்றை எண் அதைச் சொல்லாது. பதில் ஸ்பீக்கரில் கிடைத்தது. காகிதக் கூம்பைப் பிடித்திருக்கும் இரும்புச் சட்டத்தின் பின்னால் ஊதா மையில் ரப்பர் முத்திரை, மாதமும் ஆண்டுமாக: நவம்பர் 57. அதன் திருகுகளின் தலையில் கீறலே இல்லை, கழற்றப்படாத ஸ்பீக்கர். இசைத்தட்டு மேடையும் ஒத்துப்போனது. பி.எஸ்.ஆர். மோனார்க், தானே தட்டு மாற்றும் வகை, நாலு வேகம். பிரிட்டனில் டெக்கா நெடுநேர இசைத்தட்டு வெளியிட்டது 1950-இல். அதற்கு முன் 78 ஒன்றுதான். நாலாவது வேகமான பதினாறே மூன்றில் இரண்டு கிட்டத்தட்ட 1950-களின் நடுப்பகுதிக்குப் பிறகுதான் இந்த மேடைகளில் சாதாரணமாயிற்று. தட்டின் ஒலியை எடுக்கும் பிக்கப்பிலிருந்து ஒரே ஜோடி ஒயர், ஒரே ஸ்பீக்கர்; ஸ்டீரியோ இல்லை. ஸ்டீரியோ தட்டுகள் கடைக்கு வந்தது 1958-இல்.

மாற்றப்படாத பாகங்களில் கடைசித் தேதி எதுவோ, செட் அதற்குப் பிறகுதான் பூட்டப்பட்டிருக்க வேண்டும். இந்தக் கணக்கில் நவம்பர் 57-தான் எல்லை. 1957 முடிவு அல்லது 1958 தொடக்கம் என்று அவர் குறித்துக்கொண்டார். மேடையின் அடியில் விரித்திருந்த தாளுக்குக் கீழே ஒரு கூட்டுறவுக் கடைத் துண்டுச் சீட்டும் கிடைத்தது. உறுப்பினர் எண் மட்டும் இருந்தது, தேதி இல்லை. அதை ஒரு கண்ணாடிக் கவரில் போட்டு நர்ஸுக்காக எடுத்துவைத்தார்.

செய்தவர் யார் என்பதில் அவர் அவசரப்படவில்லை. இரண்டு பாகங்களில் ப்ளெஸ்ஸி முத்திரை இருந்தது. அதை வைத்து முடிவு கட்டக் கூடாது, ப்ளெஸ்ஸி எல்லாக் கம்பெனிக்கும் உதிரிபாகம் விற்றது என்றார். தன் கைக்கு வந்த டிஃபையன்ட் சேசிஸ்களைப் படம் எடுத்து ஒட்டிய நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். சுருள் டப்பாக்கள் நிற்கும் இடம், துளைகள் போட்ட விதம், ஒயர்களின் நிறம் எல்லாவற்றையும் அதோடு ஒப்பிட்டார். கிட்டத்தட்ட ஒரே கை. பிறகு ‘டிரேடர்’ பத்திரிகை கடைக்காரர்களுக்காக வெளியிட்ட சர்வீஸ் தாள்களின் கட்டை இறக்கி, வால்வு வரிசை பொருந்தும் சர்க்யூட்டைத் தேடத் தொடங்கினார். சர்க்யூட் கிடைத்தால் பின்பலகையின் தேவையில் பாதி தீர்ந்தது.

அமெரிக்காவில் இந்த வேலை கொஞ்சம் எளிது. சியர்ஸ் கடை விற்ற சில்வர்டோன் செட்டுகளின் சேசிஸ் எண்ணில் ஒரு புள்ளி இருக்கும். புள்ளிக்கு முன்னால் உள்ள எண்ணே செய்தவரின் அடையாளம். 132 என்றால் கொலோனியல், 528 என்றால் வார்விக். ஸ்பீக்கரிலும் அப்படித்தான். 220524 என்று இருந்தால் 220 ஜென்சன் கம்பெனி, 5 ஆண்டின் கடைசி எண், 24 வாரம். பிரிட்டனில் எல்லோரும் சேர்ந்து இப்படி ஒரு ஒழுங்கு வைக்கவில்லை. அதனால்தான் இங்கே தூசியும் திருகுத் தலையும் இத்தனை முக்கியமாகின்றன.

இந்தத் தொழிலில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. செட் கைக்கு வந்ததும் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி, பழைய கண்டன்சர்களை வெட்டிக் குப்பையில் போட்டு, பளபளவென்று ஆக்கிவிடுகிறார்கள். ஓடுகிறது, பாடுகிறது. ஆனால் அது எப்போது, யாரால் செய்யப்பட்டது என்று இனி எவராலும் சொல்ல முடியாது. கம்பெனிப் பெயர் இருக்கும் செட்டுக்கு அந்த இழப்பு பொறுக்கக் கூடியது. கடைப் பெயர் மட்டும் உள்ள செட்டின் வரலாறு அந்தக் குப்பையோடு போய்விடும்.

அதற்காக ஆபத்தான பாகத்தை விட்டுவைக்க முடியாது. முந்தைய வால்விலிருந்து ஈ.எல்.84-இன் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டுக்குப் போகும் காகிதக் கண்டன்சர் ஒன்று உண்டு. வயதானால் அதில் நேர்மின்சாரம் கசியும். கிரிட்டில் பாசிட்டிவ் ஏறும். வால்வு அளவுக்கு மேல் மின்சாரம் இழுத்துச் சிவக்கும், டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துக் கெடுக்கும். அதனால் அதை மாற்றாமல் அவர் எந்தச் செட்டுக்கும் முழு மின்சாரம் கொடுப்பதில்லை. ஆனால் தூக்கிப் போடவும் இல்லை. மெழுகுக் குழாயை ஹேர் டிரையரால் சூடாக்கி உள்ளே இருந்த சுருளை உருவினார். விரல் நீளக் காலிக் குழாய், மேலே பழைய எழுத்து அப்படியே. அதற்குள் 630 வோல்ட் தாங்கும் புதிய சிறு ஃபிலிம் கண்டன்சரை நுழைத்து, இரண்டு முனையையும் உருக்கிய மெழுகால் அடைத்தார். பார்த்தால் 1957, வேலை செய்வது இன்றையது.

பிறகு 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் சேர்த்துச் செட்டுக்கு மின்சாரம் கொடுத்தார். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழுக்க எரியும், செட் பிழைத்துக்கொள்ளும். பல்பு ஒரு நொடி பளிச்சிட்டு மங்கியது. கிரிட்டில் மீட்டரின் முனையை வைத்தார். சுழி.

பிக்கப்பில் இருந்த படிகம் செத்துவிட்டது. ரோஷெல் உப்புப் படிகம் ஈரத்தை இழுத்துக் கரையும், அதற்கு வைத்தியம் இல்லை. செராமிக் பிக்கப் போட வேண்டும். தட்டு மாற்றும் பொறியில் கிரீஸ் பிசினாக இறுகியிருந்தது, அது கழுவினால் தீரும். பெட்டி வேலைக்கு ஒரு பெண்மணி வருகிறார். நாற்காலி மேஜை புதுப்பித்தவர். மூடியின் மறைவான மூலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பார்த்தார், பூச்சு இளகவில்லை. ஷெல்லாக் இல்லை, செல்லுலோஸ் லாக்கர் என்றார். அதனால் சுரண்டத் தேவையில்லை; அழுக்கை எடுத்து, உரிந்த வெனீர் ஓரத்தை ஒட்டி, அதே லாக்கரை மெலிதாகப் பூசினால் போதும்.

நர்ஸுக்குப் பட்டறைக்காரர் என் எதிரிலேயே போன் செய்தார். 1957-க்கு முன்னால் போக வழியில்லை என்பதைக் காரணங்களோடு பொறுமையாகச் சொன்னார். அவள் பெரியம்மாவைக் கேட்டுவிட்டு மறுபடி அழைத்தாள். கல்யாணத்துக்கு வந்தது சின்ன மேஜை ரேடியோவாம். பெரிய மகள் நடக்கத் தொடங்கிய பிறகு, தாத்தா ஓவர்டைம் பார்த்து வாங்கியதுதான் இது. பட்டறைக்காரர் ஒரு சீட்டை எடுத்து, 1957 இறுதி முதல் 1958 தொடக்கம் என்று எழுதி, கீழே தான் மாற்றிய ஒவ்வொரு பாகத்தையும் அன்றைய தேதியோடு வரிசையாக எழுதத் தொடங்கினார். புதிய பின்பலகை அறுத்து வந்ததும் அதன் உட்புறம் ஒட்டுவதற்கு.