ஒன்பதுக்குக் கீழே நூறு

நூறு பெரிதா, ஒன்பது பெரிதா என்று கேட்டால் முதலாம் தரப் பிள்ளையும் சரியாகச் சொல்லும். கணினியோ, அந்த இலக்கங்களை நாம் எப்படிக் கொடுத்தோம் என்று பார்த்துத்தான் பதில் சொல்லும். எண்ணாகக் கொடுத்தால் நூறு பெரிது. மேற்கோள் குறிகளுக்குள் எழுத்தாகக் கொடுத்தால் ஒன்பது பெரிது!

உயர்தர வகுப்பில் பைத்தன் படிக்கும்போது இதை அறிந்தேன். இலக்கங்கள் சரமாக இருந்தால் கணினி அவற்றின் பெறுமதியைப் பார்ப்பதில்லை. அகராதியில் சொற்களை அடுக்குவது போல, இடப்பக்கத்திலிருந்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடும். ‘அறிவியலாளர்’ எவ்வளவு நீளமான சொல்லானாலும் ‘ஈ’க்கு முன்னால்தானே வருகிறது? அதுபோலத்தான் இதுவும். கணினிக்குள் ‘1’ என்ற எழுத்துக்குரிய குறியீடு 49, ‘9’க்குரியது 57. முதல் எழுத்திலேயே தீர்ப்பு முடிந்துவிடும். நூறின் பின்னால் நிற்கும் இரண்டு பூச்சியங்களையும் யாரும் விசாரிப்பதில்லை.

வகுப்பில் இது வேடிக்கையாக இருந்தது. சென்ற வருடம் ஒரு போட்டியின் பெறுபேற்றுப் பட்டியலைக் கண்டபோது வேடிக்கை போய்விட்டது. கூடிய புள்ளியிலிருந்து குறைந்த புள்ளிவரை அடுக்கியிருந்தார்கள். 98, 97, அதன் கீழே 9, பிறகு 88, 76... என் தோழி மேலிருந்து தன் பெயரைத் தேடிக்கொண்டே வந்தாள். கடைசி வரியில் இருந்தது. பக்கத்தில் 100. அதைப் பார்த்தும் அவள் சிரிக்கவில்லை. “இது வேற யாருடையதாவது மார்க்ஸா இருக்கும்டி” என்றாள். எழுதியிருந்த புள்ளியை அல்ல, நிறுத்தப்பட்டிருந்த இடத்தைத்தான் அவள் நம்பினாள்.

வாப்பாவின் தொலைபேசியில் அல்-குர்ஆன் ஓதல் கோப்புகள் 001 முதல் 114 வரை பெயரிடப்பட்டிருப்பதன் காரணமும் அப்போதுதான் புரிந்தது. வெறுமனே 1, 2 என்று பெயரிட்டு எழுத்து முறையில் அடுக்கினால், அல்-பாத்திஹாவுக்கு அடுத்து சூரா யூனுஸ் வரும். அதற்கடுத்து நூறாவது சூராவான அல்-ஆதியாத். இரண்டாவதாக வரவேண்டிய அல்-பகரா 27ஆம் இடத்துக்குப் போய்விடும். முன்னால் வைத்த பூச்சியங்கள் பெறுமதியைக் கூட்டுவதில்லை, ஒழுங்கைக் காக்கின்றன.

அதற்காக எல்லா இலக்கங்களையும் எண்ணாக மாற்றவும் கூடாது. தொலைபேசி இலக்கத்தை எண்ணாக மாற்றினால் 077இன் முதல் பூச்சியம் காணாமல் போய்விடும். பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். அதை எண்ணாக்கவே முடியாது. யாருடைய அட்டை இலக்கம் பெரியது என்று நாம் போட்டி வைப்பதும் இல்லை. அவை ஆளை அடையாளம் காட்டும் பெயர்கள். புள்ளி அப்படியல்ல, அது ஓர் அளவு.

பைத்தனில் ‘இன்ட்’ என்ற ஒரு சொல்லால் சரத்தை எண்ணாக மாற்றிவிடலாம். அதற்கு ஒரு நொடிகூட எடுக்காது. ஆனால் இது பெயரா, அளவா என்று முதலில் கேட்க வேண்டியவர் மனிதர்தான். கணினி ஒருபோதும் அந்தக் கேள்வியைக் கேட்காது. நாமும் கேட்காவிட்டால், நூறு வாங்கிய பிள்ளை தன்னையே சந்தேகித்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்.