இழுக்கும் கைக்கு ஒரு பாட்டு

பள்ளிக்கூடத்து ஆண்டு விழா நெருங்குகிறது என்றால் உபாத்தியாயர்களுக்கு ஒரு மாதம் முன்னதாகவே ஜுரம் கண்டுவிடும். நாடகத்துக்கு மீசை ஒட்டும் பொறுப்பு ஒருவருக்கு. கோலாட்டத்துக்குக் கழி தேடும் பொறுப்பு இன்னொருவருக்கு. இங்கிலீஷ் கற்பித்துப் பிழைக்கிறவன் என்ற காரணத்தால், "ஓர் இங்கிலீஷ் பாட்டு" என்ற சுமை வருஷந்தோறும் என் தலையில் வந்து இறங்கும்.

2023-ஆம் வருஷத்து விழாவில் இந்தச் சுமை எனக்கு இலேசாகவே இருந்தது. 2021 ஜனவரியில், கொள்ளை நோய்க்கு அஞ்சி உலகம் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தபோது, ஸ்காட்லாந்துத் தபால்காரர் ஒருவர் பாடிய பழைய மாலுமிப் பாட்டு ஒன்று கைப்பேசி வழியாகத் தேசந்தோறும் பரவிற்று. எங்கள் பிள்ளைகளுக்கும் அந்த மெட்டு அத்துபடி. ஆகவே அவ்வகைப் பாட்டு ஒன்றையே தேர்ந்துகொண்டேன். பாடுவதற்கு இரண்டு பையன்கள். இருவரும் மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் இடையே உள்ள ஒரு குப்பத்திலிருந்து, திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் ஏறிச் செங்கற்பட்டுக்குப் படிக்க வருகிறவர்கள். ஒருவன் அடியை எடுத்துக் கொடுக்க, மற்றவன் பின்பாட்டுப் பாடினான். மாலுமித் தொப்பி வைத்து, கழுத்தில் குட்டை கட்டி மேடையில் ஏற்றினேன். கைதட்டல் கொட்டகையைப் பிளந்தது. நான் ஏதோ தேம்ஸ் நதியையே செங்கற்பட்டுக் கொளவாய் ஏரியில் கொண்டுவந்து விட்டவனைப்போல் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

விழா முடிந்ததும், வெள்ளை வேஷ்டியும் தோளில் துண்டுமாக ஒரு கிழவர் என்னைத் தேடி வந்தார். பின்பாட்டுப் பாடிய பையனின் தாத்தா. வெயிலும் உப்பும் சேர்ந்து பதம் செய்த தேகம்.

"வாத்தியாரே, நம்ம பையன் பாடினது இங்கிலீஸ் பாட்டுன்னு சொன்னாங்க. அந்தப் பாஷை எனக்குத் தெரியாது. ஆனா, மூச்சு வாங்குற எடமும் இழுக்கிற எடமும் எங்க வலைப் பாட்டுல இருக்கிற எடந்தான். அவங்களும் வலை இழுக்கிறவங்களா?" என்று கேட்டார்.

"வலை இல்லை, பெரியவரே. பாய்மரத்துக் கயிறு" என்றேன்.

"கயிறுதானே! கயிறுன்னா பாட்டு வேணும்" என்றார், வெகு சுலபமாக.

நேயர்களே, இந்த விஷயத்தை நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டவன். பாய்மரக் கப்பலில் பாயை ஏற்றுவதும் நங்கூரத்தைத் தூக்குவதும் பத்துப் பதினைந்து பேர் ஏக காலத்தில் செய்யவேண்டிய வேலைகள். ஆளுக்கொரு கணத்தில் இழுத்தால் கயிறு அசையாது. ஆகவே ஒருவன் அடியைப் பாடுவான். மற்றவர் கூடி மறுமொழி பாடுவர். அந்த மறுமொழியில் அழுத்தம் விழும் இடத்தில் எல்லாக் கைகளும் ஒன்றாக இழுக்கும். நங்கூரச் சக்கரத்தைச் சுற்றி நடப்பதற்கு நடைக்கேற்ற நீண்ட பாட்டு. பாயை வெட்டி வெட்டி ஏற்றுவதற்கு விட்டு விட்டு வரும் பாட்டு. இங்கிலீஷ் யுத்தக் கப்பல்களில் இப்படிப் பாட அனுமதியில்லை. அங்கே குழலும் விசிலுமே தாளம். ஆள் குறைவாகவும் வேலை அதிகமாகவும் இருந்த வியாபாரக் கப்பல்களில்தான் இப்பாட்டுக்கள் 19-ஆம் நூற்றாண்டில் செழித்தன. இவ்வளவையும் அறிந்திருந்த எனக்கு, முப்பது கிலோமீட்டர் தூரத்திலுள்ள கடற்கரையில் என்ன பாடுகிறார்கள் என்பது தெரியாது!

"அடுத்த ஞாயித்துக்கெழமை எங்க கரைக்கு வாங்களேன். கரைவலை போடறோம்" என்று கிழவர் அழைத்துவிட்டுப் போனார்.

ஞாயிறன்று விடியுமுன்பே புறப்பட்டேன். திருக்கழுக்குன்றத்து மலைக்கோயிலைக் கடந்தபோது கிழக்கு வெளுத்தது. மாமல்லபுரத்தில் இறங்கி, கடற்கரைக் கோயிலை இடப்புறம் விட்டுத் தெற்கே மணலில் நடந்தேன். ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய அந்தக் கோயில், ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகக் கடலையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. இந்தக் கரையில் பாடிய பாட்டையெல்லாம் அது ஒன்றுதான் முழுக்கக் கேட்டிருக்கும்.

கரைவலை என்பதைக் காணாத நேயர்களுக்காகச் சொல்கிறேன். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு, படகு கடலுக்குள் சென்று, பிறை வடிவில் வலையை விரித்துக்கொண்டே வளைந்து, மறு முனையோடு வெகு தூரம் தள்ளிக் கரை சேருகிறது. ஒவ்வொரு முனையிலும் இருபதுபேர். நடுவில், கடலுக்குள் வலையின் மடி. இரு சாராரும் இழுக்க இழுக்க, மடி கரையை நோக்கி வருகிறது. அவர்களும் அடி அடியாக ஒருவரை யொருவர் நெருங்குகிறார்கள். ஒரு சாரார் முந்தினால் வலை கோணும். கோணினால் மீன் தப்பும். இருநூறு முந்நூறு கஜத்துக்கு அப்பால் நிற்கிறவன் எவ்வளவு இழுத்தான் என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் பாட்டு.

வடக்குக் கயிற்றுக்கு என்னை அழைத்த கிழவரின் தமையனார் தலைவர். தெற்குக் கயிற்றுக்குக் கிழவரே தலைவர். முதலில் அலையோசையில் ஒருவர் குரல் மற்றவருக்கு எட்டவில்லை. ஆயினும் இருவரும் ஒரே பாட்டை ஒரே நடையில் பாடினார்கள். தலைவர் ஓர் அடி பாட, இருபது தொண்டைகள் ஏலேலோ என்றும் ஐலசா என்றும் எதிரொலிக்க, கயிறு ஒரு முழம் ஏறிற்று. கன்னியம்மனைக் கூப்பிடும் அடிகள் வந்தன. காற்றை வைகிற அடிகள் வந்தன. அன்று வராமல் சுகமாகத் தூங்கிவிட்ட ஒருவனைக் கேலி செய்து அந்தக் கணத்திலேயே கட்டிய அடியும் வந்தது. சிரிப்பிலும் கயிறு ஏறிற்று. மடி கரையை நெருங்க நெருங்க, இரு கூட்டமும் கிட்ட வந்து, இரு பாட்டும் ஒரு பாட்டாயின. தமையனார் அடி எடுக்க, தம்பி மறுமொழி சொன்னார். நாற்பது வருஷத்துக்கு மேல் சேர்ந்து பாடிய குரல்கள். இடையில் ஒரு மயிரிழை புக இடமில்லை. மடியில் நெத்திலியும் காரப்பொடியும் வெள்ளியாய்த் துள்ளின.

என் பக்கத்தில் மேடைப் பாடகன் நின்றுகொண்டிருந்தான்.

"உனக்கு இந்தப் பாட்டெல்லாம் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும், சார்."

"பின்னே, ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

பையன் கால் விரலால் மணலைக் கீறினான். "நீங்க கேக்கலையே, சார். அது குப்பத்துப் பாட்டு" என்றான்.

எத்தனையோ பரீட்சை எழுதித் தேறியிருக்கிறேன். அன்று அந்தச் சிறுவனிடம் தோற்றேன். அடிமைப்பட்டுக் கிடந்த நாட்களில் நம்மவர் தம் பொருளைத் தாமே இழிவாக நினைத்தார்கள் என்று வகுப்பில் ஆவேசமாகப் பேசுகிறவன் நான். சுதந்திரம் வந்து 76 வருஷமான பிறகும், மீனவப் பையனுக்கு மாலுமித் தொப்பி வைத்து, அந்நியக் கயிற்றை இழுக்கக் கற்றுக்கொடுத்தேன். அவன் கையிலே சொந்தக் கயிறு இருக்கிறதா என்று கேட்கவில்லை.

இங்கிலீஷ்காரர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களும் ஒரு காலத்தில் என்னைப்போலவேதான் இருந்தார்கள். 1898-இல் ராட்டிங்டீன் என்னும் கடலோரக் கிராமத்தில் ஜேம்ஸ் காப்பர், தாமஸ் காப்பர் என்று இரண்டு சகோதரர்கள் இருந்தார்கள். ஒருவர் பண்ணையை மேற்பார்த்தவர். மற்றவர் மதுக்கடை நடத்தியவர். கேட் லீ என்ற சங்கீதம் கற்ற மாது அவர்களை அழைத்துப் பாடச் சொல்லி எழுதிக்கொண்டாள். அதே ஆண்டு லண்டனில் நாட்டுப்பாடல் சங்கம் பிறந்தது. சகோதரர் இருவரையும் கௌரவ அங்கத்தினராக்கினார்கள். அந்தக் குடும்பத்தின் சந்ததியார் இன்றும் அந்தப் பாட்டுக்களைப் பாடிவருகிறார்கள். 1903-இல் ஸெஸில் ஷார்ப் என்ற சங்கீத ஆசிரியர், ஒரு தோட்டக்காரன் வாயிலிருந்து ஒரு பாட்டைக் கேட்டு மயங்கி, பிறகு ஆயுள் முழுவதும் ஊர் ஊராக அலைந்து பாட்டுச் சேர்த்தார். கப்பலில் தாமே பாடி வேலை செய்த ஸ்டான் ஹ்யூகில், மாலுமிப் பாட்டுக்களைப் பெரிய புத்தகமாக 1961-இல் வெளியிட்டார். நான் மேடையேற்றிய பாட்டு பிழைத்திருந்ததற்குக் காரணம், இப்படிப் போய்க் காது கொடுத்த சிலர்தாம்.

நம் நாட்டிலும் இது நடக்கவில்லை யென்று சொல்லக் கூடாது. 1871-இலேயே சார்லஸ் கோவர், தென்னிந்திய நாட்டுப் பாடல்களை இங்கிலீஷில் பெயர்த்துப் புத்தகமாக்கினார். பெர்ஸி மாக்வீன் என்ற வெள்ளைக்கார அதிகாரி திரட்டி வைத்த தமிழ்ப் பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்து, தஞ்சைச் சரஸ்வதி மகால் 1958-இல் 'மலையருவி' என வெளியிட்டது. பிறகு நா. வானமாமலை பெரும் பணி செய்தார். மதுரையில் நவநீதகிருஷ்ணன், விஜயலட்சுமி என்ற பேராசிரியத் தம்பதிகள் கிராமங்களில் சேகரித்த பாட்டை இருவருமாக மேடையில் பாடிப் பட்டணத்தாரைக் கேட்க வைத்தார்கள். அம்மையாருக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பாரதியாரின் குயிலோ, ஏற்றப் பாட்டுக்கும் நெல் இடிப்போர் பாட்டுக்கும் நெஞ்சைப் பறிகொடுத்ததாகவே சொல்லிக்கொள்கிறது. குயிலுக்கு இருந்த காது எம்.ஏ. படித்த எனக்கு இல்லாமற் போயிற்று.

இன்னொன்றும் நினைத்துப் பார்த்தேன். 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி வரை சென்னையில் சரியான துறைமுகம் இல்லை. சீமைக் கப்பல்கள் அலைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். ஆளையும் மூட்டையையும் கரை சேர்ப்பது நம்மவரின் மசூலாப் படகு. ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. துடுப்பு வலிப்போர் பாடிக்கொண்டே அலையைத் தாண்டுவார்கள். கப்பல் மேல் நின்ற சீமை மாலுமிக்கு நம் பாட்டுக் கேட்டிருக்கும். நம் படகோட்டிக்கு அவன் நங்கூரப் பாட்டுக் கேட்டிருக்கும். நம் கட்டுமரம் என்ற சொல் அவர்கள் அகராதியில் ஏறியதுபோல, ஏதேனும் ஒரு மெட்டும் கப்பலேறிப் போயிருக்கக் கூடாதா? ருசுவில்லை, ஆசைதான்.

சீமைப் பாட்டை ஓயச் செய்தது நீராவி. நம் பாட்டை ஓயச் செய்வது மோட்டார். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப் பேரலை அடித்த பிறகு, இந்தக் கரையில் கட்டுமரம் குறைந்து, கண்ணாடி நார்ப் படகும் இயந்திரமும் பெருகின. இயந்திரத்தின் இரைச்சலில் எவன் பாடுவான்? இதற்காக இயந்திரத்தை நான் பழிக்க மாட்டேன். 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டபோது, அதுவும் நீராவிக் கப்பல் கம்பெனியே. காலத்தோடு மல்லுக்கு நிற்கிறவன் காலத்தின் கருவியைத்தான் ஏந்த வேண்டும். கிழவரின் வலது தோள் எலும்பு கயிறு இழுத்தே ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது; அந்தத் தோளைப் பேரனுக்குக் கொடு என்று சொல்ல நான் யார்? தோள் ஓய்வு பெறட்டும். பாட்டுமா ஓய்வு பெறவேண்டும்?

அதன் பின் மாதம் ஒருமுறை நான் அந்தக் கரைக்குப் போனேன். பேரன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பாட்டுக்களை எழுதிக்கொண்டான். நான் கைப்பேசியில் குரல்களைப் பதிவு செய்தேன். பதினொரு பாட்டு ஆயின. மறு ஐப்பசியில், மழை நாள் ஒன்றில், தமையனார் காலமானார். துக்கம் விசாரிக்கப் போனபோது நோட்டுப் புத்தகத்தைப் பற்றி நான் பேசவில்லை. கிழவரே சொன்னார்: "இனிமே எடுத்துக் குடுக்க ஆளு இல்லே, வாத்தியாரே. எனக்குப் பதில் சொல்லித்தான் பழக்கம்."

ஒரு கயிற்றுக்குத் தலைமை வகித்துப் பாடிய மனிதர், அண்ணன் பக்கத்தில் வந்ததும் பின்பாட்டுக்காரராக ஒதுங்கி நின்றவர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தை மாதத்தில் மறுபடி வலை போட்டார்கள். நானும் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தேன். வடக்குக் கயிற்றில் ஒரு நாழிகை வரை பாட்டு எழவில்லை, இழுப்பும் சிதறிற்று, வலை கோணிற்று. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் அடி எடுத்தது. தொண்டை இன்னும் உடைந்து தீராத குரல். நோட்டுப் புத்தகத்தில் ஐந்தாவதாக எழுதியிருந்த பாட்டு. இரண்டாவது அடியில் பையன் ஒரு சொல்லை மறந்து விழித்தான். இருபது பேரும் ஏலேலோ என்று நிரப்பிவிட்டார்கள். தூரத்தில் தெற்குக் கயிறு ஒரு கணம் நின்றது. பிறகு அங்கிருந்தும் பாட்டுக் கேட்டது.

கூட்டங்கள் நெருங்கின. பேரன் எடுத்துக் கொடுத்தான். தாத்தா பதில் சொன்னார். என் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துவிட்டன. அன்று வந்தது அரைக் கூடை நெத்திலிதான்.

இந்த வருஷம் ஆண்டு விழாவுக்கு "ஓர் இங்கிலீஷ் பாட்டு" வழக்கம்போல் உண்டு. அதற்குமுன் ஒரு வலைப்பாட்டும் உண்டு. மாலுமித் தொப்பி பெட்டியில் இருக்கட்டும். மேடைக்கு ஒரு நல்ல கயிறு மட்டும் வாங்கித் தரவேண்டும் என்று தலைமையாசிரியரிடம் விண்ணப்பித்திருக்கிறேன்.