பாலாற்று வெள்ளைக் கல்

காஞ்சீபுரத்துக்கு வருகிறவர்கள் பட்டுக்கும் கோயிலுக்குமே வருகிறார்கள். ஓரிக்கைப் பக்கம் பாலாற்று மணலில் கிடக்கும் வெள்ளைக் கற்களை நாடி வருவோர் அரியர். நாம் அந்த அரியவர்களைச் சேர்ந்தவர்கள். மடி நிறையக் கூழாங்கற்களுடன் வீடு திரும்பும்போது கிடைக்கும் வரவேற்பை இங்கே விவரிப்பதற்கில்லை. குழந்தைகள் மட்டும் கல்லாங்காய் ஆட ஐந்து கற்களைப் பொறுக்கிக்கொள்வார்கள்.

வெங்கச்சங்கல் என்று கிராமத்தார் சொல்லும் கல் இதுவே. சலவைக்கல்லோ என்ற சந்தேகம் எழலாம். உடைந்த முனையால் பழைய கண்ணாடித் துண்டொன்றை அழுத்திக் கீறுங்கள். வெங்கச்சங்கல்லானால் கோடு விழும். சலவைக்கல்லுக்கு அந்த வலிமை இல்லை. இருட்டறையில் இரண்டு கற்களைப் பலமாக உரசினாலோ, மங்கலான ஒளி ஒன்று தோன்றி மறையும். பூஜைக்குரிய ஸ்படிகமும் இதே பொருள்தான். உள்ளே சிறைப்பட்ட நுண்ணிய நீர்த்துளிகளும் குமிழிகளும் இதைப் பால்போல் வெளுக்கச் செய்தன. ஸ்படிகம் தெளிவாய் அமைந்தது, அவ்வளவே வேற்றுமை.

பாலாறு நந்தி மலைப் பிரதேசத்தில் பிறந்து வருகிறது. வழியில் உள்ள கருங்கற் பாறைகள் வெயிலிலும் மழையிலும் சிதையும்போது, அவற்றின் மற்றப் பகுதிகள் பெரும்பாலும் களிமண்ணாகிக் கரைந்து போகின்றன. வெங்கச்சங்கல் கரைவதில்லை. ஒன்றோடொன்று மோதி மோதி, முனை மழுங்கி உருண்டையாகிறது. மிகவும் பொடிந்ததே மணல்.

ஆற்றின் கைவேலை இது. மனிதன் கைவேலை வேறு. 1863 மே 30-ஆம் தேதி, அக்காலத்தில் நம் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த பல்லாவரத்துச் சரளைக் குழியில், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற பூகர்ப்ப சாஸ்திரி ஒரு கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். வெங்கச்சங்கல் மணிகள் இறுகிச் சேர்ந்த குவார்ட்சைட் கல் அது. ஆறு எங்கும் சமமாகத் தேய்க்கும். மனிதனோ ஓரத்தை இரு புறமும் சில்லுச் சில்லாகப் பெயர்த்துக் கூராக்குவான். அதே ஆண்டில் ஃபூட் கண்ட அதிரம்பாக்கத்துக் கல்லாயுதங்களில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011-இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். கண்டெடுத்தவர் வெள்ளைக்காரராயினும் செய்தவர் இந்த மண்ணில் திரிந்தவர்!

மணலும் சரளையும் வாரப்படும் இடங்களில் இத்தகைய கற்களும் கேட்பாரின்றி லாரி ஏறிவிடக்கூடும். எனவே இரு புறமும் சில்லு பெயர்ந்த கல் கண்ணில் பட்டால், மடியில் கட்டிக்கொள்ளாதீர்கள். கிடந்த நிலையிலேயே படம் பிடித்து, எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதையும் குறித்துத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். உருண்டைக் கற்களைக் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தடையில்லை.