கூட்டுத்தொகை சரியாத்தான் இருந்துச்சு

கொஞ்ச நாளா ஆபீஸ்ல ஆணி அதிகம். என்ன வேலைன்னு யாராவது கேட்டா "கேஸ் கம்பெனிக்குக் கணக்கு சாஃப்ட்வேர் எழுதறேன்"னு ஒரு வரியில முடிச்சுட்டு நழுவிடுவேன். இந்தத் தடவை முழுசா சொல்லிடறேன். போன மாசம் நடந்த ஒரு விஷயம் மனசுல உட்கார்ந்துகிட்டு நகர மாட்டேங்குது.

நான் படிச்சது கெமிக்கல் இன்ஜினியரிங். மூணாவது வருஷம் டிஸ்டிலேஷன் பாடத்துல மெக்கேப்-தீலே படம் போட்டு, படி படியா கோடு இழுத்து, எத்தனை தட்டு வேணும்னு எண்ணி, கடைசியில ஒரு தட்டு தப்பாகி பாதி மார்க் போகும். கேம்பஸ்ல சாஃப்ட்வேர் கம்பெனி தூக்கிட்டு வந்தப்போ, இனி இந்தக் கோபுரங்களோட முகத்துல முழிக்க வேண்டாம்னு சந்தோஷப்பட்டேன். விதி பாருங்க, என்னை அனுப்பின இடம் ஹூஸ்டன்.

எங்க கிளையன்ட்டுக்கு மேற்கு டெக்சாஸ்ல ஒரு கேஸ் பிராசஸிங் பிளான்ட். சுத்துவட்டாரக் கிணறுகள்ல இருந்து குழாய் வழியா கேஸ் வரும். அதுல மீத்தேன் மட்டும் இல்லை. ஈத்தேன், புரோப்பேன், ரெண்டு வகை பியூட்டேன், அதுக்கு மேல பென்டேன் வகையறா எல்லாம் கலந்திருக்கும். பிளான்ட்ல மைனஸ் 90 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர வெச்சா இந்தக் கனமான சரக்கெல்லாம் திரவமா இறங்கிடும். மிச்ச மீத்தேன் கேஸ் குழாய்க்குப் போயிடும். இறங்கின கலவைக்கு ஒய்-கிரேடுன்னு பேர். அது இன்னொரு குழாய்ல 500 மைல் போல ஓடி, ஹூஸ்டனுக்குக் கிழக்கே இருக்கற மான்ட் பெல்வ்யூ போய்ச் சேரும்.

ஒரு ஞாயித்துக்கிழமை ஐ-10 ரோட்டைப் பிடிச்சு அங்கே போய்ப் பார்த்தேன். பார்க்கறதுக்கு ஒண்ணும் இல்லை, தூரத்துல வரிசையா கோபுரங்கள், அவ்வளவுதான். ஊருக்கு அடியில உப்புப் பாறை. அதைத் தண்ணியில கரைச்சுக் குகைகளாக்கி, அதுக்குள்ளதான் சரக்கைச் சேமிச்சு வெச்சிருக்காங்க. கோபுரங்களோட வேலை, கலவையைக் கொதிநிலை வாரியாப் பிரிக்கறது. முதல் கோபுரத்துல ஈத்தேன், அடுத்ததுல மைனஸ் 42ல கொதிக்கற புரோப்பேன், அதுக்கடுத்து பியூட்டேன்கள். ஐசோபியூட்டேன் மைனஸ் 12ல கொதிக்கும், சாதா பியூட்டேன் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழே. இந்த ரெண்டையும் பிரிக்கறதுதான் கஷ்டம், அதனால அந்தக் கோபுரத்துக்குத் தட்டு அதிகம். என் பழைய பாதி மார்க் ஞாபகம் வந்துச்சு.

சரி, கணக்கு எங்கே வருது? கோபுரத்துல இருந்து இறங்கற ஒரு கேலன் புரோப்பேன் யார் கிணத்துல இருந்து வந்துச்சுன்னு கடவுளுக்குக்கூடத் தெரியாது. நூத்துக்கணக்கான கிணறு, ஒரே குழாய். ஆனா கிணத்துக்காரர் ஒவ்வொருத்தருக்கும் மாசா மாசம் பணம் போகணும். அதனால ஒரு ஒப்புக்கொண்ட கணக்கு வெச்சிருக்காங்க. ஒவ்வொரு கிணத்துலயும் சில மாசத்துக்கு ஒரு தடவை கேஸை சாம்பிள் எடுத்து, குரோமட்டோகிராஃப்ல போட்டு, எது எத்தனை சதவீதம்னு பார்ப்பாங்க. புரோப்பேன் ஒரு மோல் சதவீதம் இருந்தா, ஆயிரம் கன அடிக்குச் சுமார் 0.275 கேலன். அதை வெச்சு இந்தக் கிணறு இத்தனை கேலன் அனுப்பியிருக்கணும்னு ஒரு ஏட்டுக் கணக்கு போடுவாங்க. நிஜமா கிடைச்ச கேலனை அந்த விகிதத்துல பங்கு பிரிப்பாங்க. எங்க ஊர் பால் சொசைட்டியில கொழுப்புச் சதவீதம் பார்த்துக் காசு கொடுக்கற மாதிரின்னு வெச்சுக்கங்க.

எளிமையா ரெண்டு கிணறு, புரோப்பேன் மட்டும் எடுத்துக்கலாம். சின்னக் கிணறு மாசத்துக்கு 1 கோடி கன அடி, அதுல 6 சதவீதம் புரோப்பேன். ஏட்டுக் கணக்கு 16,500 கேலன். பெரிய கிணறு 3 கோடி கன அடி, 4 சதவீதம், 33,000 கேலன். மொத்தம் 49,500. நிஜத்துல கிடைச்சது 42,075, அதாவது 85 சதவீதம். சின்னவருக்கு 14,025, பெரியவருக்கு 28,050.

இப்ப சின்னக் கிணத்துக்கு 6க்குப் பதிலா பழைய ரிப்போர்ட்ல இருந்த 4 சதவீதத்தை சிஸ்டம் எடுத்துருச்சுன்னு வைங்க. ஏட்டுக் கணக்கு 11,000 ஆயிடும், மொத்தம் 44,000. கிடைச்சது அதே 42,075. சின்னவருக்கு 10,519, பெரியவருக்கு 31,556. மூவாயிரத்து ஐநூறு கேலன் சத்தமில்லாம கை மாறிருச்சு. மொத்தக் கணக்கு பைசா சுத்தமா டேலி ஆகுது, ஏன்னா கிடைச்சதைத்தானே பிரிக்கறோம்! இன்னொரு கூத்து, 42,075ஐ 44,000ஆல வகுத்தா 95.6 சதவீதம். பிளான்ட் முன்னைவிட நல்லா ஓடற மாதிரி தெரியும். நூத்துக்கணக்கான கிணறு இருந்தா இந்தச் சின்ன வித்தியாசமும் கண்ணுக்குப் படாது.

அந்தப் பழைய ரிப்போர்ட்டை எடுக்க வெச்ச வரி, நான் எழுதினது.

நடந்தது இதுதான். கிளையன்ட் ஆபீஸ்ல யாரோ ஒரு பழைய ரிப்போர்ட்ல மீட்டர் நம்பர் தப்பா இருக்குன்னு திருத்தி மறுபடி பதிஞ்சிருக்காங்க. நான் எழுதின க்வெரி, ரிப்போர்ட் எந்தத் தேதியில இருந்து செல்லும்னு பார்க்காம, எந்தத் தேதியில பதிஞ்சாங்கன்னு பார்த்து வரிசைப்படுத்துச்சு. கடைசியா பதிஞ்சது பழசு. அதையே புதுசுன்னு எடுத்துக்கிச்சு. ஏழு மாசம்.

வேற எதையோ டெஸ்ட் பண்ணும்போது தற்செயலாப் பார்த்தேன். வயித்துல புளியைக் கரைச்சுது. எங்க டமேஜரைக் கூப்பிட்டேன்.

"கிளையன்ட் கேட்டாங்களாப்பா?"

"இல்லைங்க."

"அப்ப அடுத்த மாசத்துல இருந்து சரியா வர்ற மாதிரி ஃபிக்ஸைப் போட்டுடு."

அவரைக் குறை சொல்லி என்ன பண்றது, எனக்கும் முதல்ல தோணினது அதேதான். கிளையன்ட்டுக்கு ஒரு சென்ட் நஷ்டமில்லை. எல்லாக் கிணத்துலயும் அவங்களுக்கு ஒரே சதவீதம்தான். ஆனா அந்தச் சின்னக் கிணறு ஒரு சின்னக் கம்பெனியோடது. அவங்களுக்கும் கீழே நிலத்தடி உரிமைக்காரங்க இருக்காங்க. டெக்சாஸ்ல மண்ணுக்கு அடியில இருக்கறதும் தனியார் சொத்து. தாத்தா எழுதிக் கொடுத்த பத்திரத்துக்கு எட்டுல ஒரு பங்கு ராயல்டி, அதுவும் பேரப்பிள்ளைங்களுக்குள்ள பிரிஞ்சு, சிலருக்கு மாசம் நாப்பது டாலர் செக் வரும். அந்தப் பேரெல்லாம் எங்க டேட்டாபேஸ்ல வரிசையா இருக்கு. ஒரு ராத்திரி அதைப் பார்த்துகிட்டே உட்கார்ந்திருந்தேன். காலையில கிளையன்ட் கணக்குப் பிரிவுல இருக்கற அம்மாகிட்ட போய்ச் சொல்லிட்டேன். இருபத்தஞ்சு வருஷமா இதே கணக்கைப் பார்க்கறவங்க. திட்டுவாங்கன்னு நினைச்சேன். "எத்தனை மாசம்?"னு மட்டும் கேட்டு நோட்டை எடுத்தாங்க.

அப்புறம் மூணு வாரம் சிவராத்திரி. ஏழு மாசத்தையும் திரும்ப ஓட்டணும். அளவு மாறினா விலைப்பணம் மாறும், கோபுரக் கூலிப் பிடித்தம் மாறும், ராயல்டி மாறும், டெக்சாஸ் மாநிலத்துக்குக் கட்டற 7.5 சதவீத உற்பத்தி வரிப் படிவம்கூடத் திருத்தணும். என் டமேஜர் என்னோட பேசறதைக் குறைச்சுகிட்டார். அப்ரைசல் எப்படி வரும்னு சொல்ல வேண்டியதில்லை.

சின்னக் கிணத்துக்காரங்களுக்குப் பணம் போனப்ப ஒரு போன்கூட வரலை. மத்தவங்களுக்குப் பிடிச்சப்பதான் வந்துச்சு. அந்தம்மா ஸ்பீக்கர்ல போட்டாங்க. ரிடையர் ஆன ஒரு பெரியவர். செக் ஏன் குறைஞ்சிருக்குன்னு கேட்டார். அந்தம்மா பொறுமையா விளக்கினாங்க. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஏழு மாசமா இன்னொருத்தன் புரோப்பேனைத் தின்னிருக்கேன்னு சொல்றீங்க"ன்னார். அவர் வீட்டுப் பின்னாடியே குளிர்காலத்துக்கு ஒரு புரோப்பேன் டேங்க் இருக்காம். கேலனுக்கு என்ன விலை கொடுத்து நிரப்பறார், இந்த செக்ல கேலனுக்கு என்ன விலை போட்டிருக்காங்கன்னு ரெண்டையும் சொல்லிச் சிரிச்சார். மொத்தமாப் பிடிக்காம மூணு மாசமாப் பிரிச்சுக்க முடியுமான்னு கேட்டார். முடியும்னாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன், வாயைத் திறக்கலை.

க்வெரியைத் திருத்தியாச்சு. அதோட, புது ரிப்போர்ட் இருக்கும்போது பழசை எடுத்த கிணறு வேற எதுவும் இருக்கான்னு பார்க்க ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதினேன். நேத்து முதல் தடவை ஓட்டினேன். 11 கிணறு வந்திருக்கு. அந்தம்மா திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க.