தருமருக்குக் கணக்குப்பிள்ளை

பி.காம். படித்தவனை ஊர் சும்மா விடாது. கோயில் திருவிழா வரவு-செலவா, சீட்டுக் கணக்கா... "நீதான் காமர்ஸ் ஆச்சே!" என்று நோட்டைக் கையில் திணித்துவிடுவார்கள். ஆனால், சூதாட்டத்துக்குக் கணக்குப்பிள்ளையாக இருக்கச் சொல்லி எனக்கு அழைப்பு வந்தது 2025 ஏப்ரலில்தான்.

அழைத்தது என் அத்தை மகன். அமெரிக்காவில், நியூஜெர்ஸியில் கம்ப்யூட்டர் உத்தியோகம். மாகாணங்களைக் கட்டிப்போட்டிருந்த ஒரு சட்டத்தை 2018-ல் அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட் ரத்து செய்ததிலிருந்து, அங்கே விளையாட்டுப் பந்தயம் சட்டப்படி சரி. செல்போனிலேயே பணம் கட்டலாம். அப்போது என்.பி.ஏ. கூடைப்பந்தின் ப்ளே-ஆஃப் தொடங்கும் நேரம். ஜூன் வரை நடக்கும்.

"மச்சான், ஆயிரம் டாலர் ஒதுக்கியிருக்கேன். கடைசி வரைக்கும் தாங்கணும். எப்படிப் பிரிக்கிறது?"

நியாயமான கேள்வி. பதினாறு அணிகள், பதினைந்து தொடர்கள். ஒவ்வொன்றிலும் முதலில் நாலு ஆட்டம் ஜெயிப்பவர் மேலே போவார். ஆக, குறைந்தது 60 ஆட்டம், அதிகபட்சம் 105. முதல் வாரத்திலேயே பணத்தைத் தீர்த்துவிட்டால், ஃபைனலை வெறுங்கையோடுதான் பார்க்க வேண்டும்.

தடவைக்கு இரண்டு சதவிகிதம், அதாவது 20 டாலர் என்று விதி போட்டேன். வரிசையாகப் பத்து தோற்றாலும் 800 நிற்கும். விட்டதைப் பிடிக்கிறேன் என்று இரட்டிப்பாக்கிப் பாருங்கள்... 20, 40, 80, 160, 320. ஐந்தே தோல்வியில் 620 காலி! ஆறாவதற்கு 640 வேண்டும், இருப்பதோ 380. தருமர் மட்டும் இரண்டு சதவிகித விதி வைத்திருந்தால், பாரதப் போரே வந்திருக்காது.

"நிச்சயமா ஜெயிக்கிற ஆட்டம்னா கொஞ்சம் கூடப் போடலாமில்ல?" என்றான்.

2016-ஐ நினைவுபடுத்தினேன். அந்த சீசனில் 73 ஆட்டம் ஜெயித்த கோல்டன் ஸ்டேட் அணி, ஃபைனலில் 3-1 என்று முன்னால் நின்றது. இன்னும் ஒன்றே ஒன்று ஜெயித்தால் கோப்பை. அடுத்த மூன்றையும் ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது கிளீவ்லாண்ட்! 'நிச்சயம்' என்று நம்பிச் சொத்தைக் கட்டியவன் கதி என்ன?

இதைவிடப் பெரிய விஷயம் ரேட்டில் ஒளிந்திருக்கிறது. பலவீனமான அணிக்குச் சில பாயிண்ட் சலுகை கொடுத்து இரண்டு பக்கத்தையும் சமமாக்கிவிட்டு, 110 டாலர் கட்டினால்தான் 100 டாலர் லாபம் என்பார்கள். என் அத்தை மகனின் 20 டாலருக்கு 18 டாலர் 18 சென்ட். பாதிக்குப் பாதி ஜெயித்தாலும் 80 பந்தயத்தில் 73 டாலர் போயே போச்சு! நஷ்டமில்லாமல் தப்பிக்கவே நூற்றுக்கு 52.4 ஜெயிக்க வேண்டும்.

பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஜான் கெல்லி, 1956-ல் ஒரு சூத்திரம் வெளியிட்டார். எவ்வளவு கட்டலாம் என்று சொல்லும். இந்த ரேட்டில் நூற்றுக்கு 55 தடவை ஜெயிக்கும் திறமை இருந்தால், கையிருப்பில் ஐந்தரை சதவிகிதம் கட்டலாம் என்கிறது. வெறும் 50 என்றால்? விடை பூஜ்யத்துக்கும் கீழே! கணக்குப் போடச் சொன்னால், கணக்கே 'போடாதே' என்கிறது. அவனிடம் அதையும் சொன்னேன். சிரித்தான். சுவாரஸ்யத்துக்குக் கட்டுகிறவனை சூத்திரமா தடுக்கும்?

போனை அவன் மனைவி வாங்கினாள்.

"அண்ணா, வீடு வாங்க முன்பணம் சேர்த்து வெச்சிருக்கோம். நாலு வருஷச் சேமிப்பு. அதுல இவர் கை வைக்க மாட்டார்னு உங்க கணக்கு சொல்லுமா?"

எனக்குச் சுருக்கென்றது. "சொல்லாதும்மா" என்றேன். கணக்கு பணத்தைப் பிரித்துக் கொடுக்கும். இரவு பதினோரு மணிக்கு, கடைசி விநாடியில் தோற்றவனின் கையைப் பிடிக்காது. அதற்கு வேலிதான் வேண்டும்.

அன்றே இரண்டு வேலி போட்டோம். பந்தயக் கம்பெனியின் ஆப்பிலேயே 'இதற்கு மேல் பணம் வாங்காதே' என்று வரம்பு வைக்க வசதி உண்டு. ஆயிரத்தோடு நிறுத்தினோம். முன்பணம் மொத்தமும் அவள் பெயரிலுள்ள கணக்குக்கு மாறியது. "என்ன மச்சான், என்னைத் திருடன் மாதிரி..." என்று முனகினான். முனகட்டும்!

ஜூன் கடைசியில் ஐந்தொகை வந்தது. 67 பந்தயம், 31 ஜெயம், 36 தோல்வி. நிகர நஷ்டம் 156 டாலர்.

"முன்பணம்?" என்று கேட்டேன்.

"அப்படியே இருக்கு மச்சான். ஃபைனல் அன்னிக்கு ரெண்டு தடவை பாஸ்வேர்டு கேட்டுப் பார்த்தேன். அவ தூங்கற மாதிரி நடிச்சுட்டா!"