உடம்பைத் தேத்திட்டு வாங்க, தம்பி

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. ஆஸ்பத்திரிகளில் புண்ணுக்கு வைக்கிற காஸ் துணியும் பேண்டேஜ் துணியும்தான் அந்த ஊரின் பிழைப்பு. வன்னியம்பட்டியிலிருந்து பஸ் மாறிப் போய், அங்கே ஒரு கொட்டகையில் துணி மடித்துக் கட்டும் வேலை பார்த்தேன். எனக்கென்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கியது வேறு: இழுத்தால் நீளும் கிரேப் பேண்டேஜ், ஆறு அங்குல அகலம். விடிந்ததும் மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டி, பின் குத்தி, மேலே தொளதொளவென்று ஒரு சட்டை. நான் திருநம்பி. மார்பகத்தை எடுக்கும் ஆபரேஷன் மட்டும் முடிந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அதற்குத் தயாராவது என்றால் பணம் சேர்ப்பது, மனதைத் திடப்படுத்திக்கொள்வது, அவ்வளவுதான் என் கணக்கு. உடம்பு அந்தக் கணக்கிலேயே இல்லை. விளக்கை அணைத்துவிட்டுக் குளிக்கிறவன் நான். பிடிக்காத உடம்புக்கு யார் பார்த்துப் பார்த்துச் சோறு போடுவார்கள்? காலையில் டீ, ராத்திரி புரோட்டா. மாதவிலக்கில் ரத்தம் அளவுக்கு மீறிப் போகும். அதற்குப் பெண்கள் நல மருத்துவரைப் பார்க்கலாம்தான். ஆனால் பெண்கள் வரிசையில் பெஞ்சில் உட்கார வேண்டுமே! வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது அதைவிடச் சுலபமாக இருந்தது.

மதுரையில் மனநல மருத்துவரைப் பார்த்துச் சான்று வாங்கி, ஒருவழியாக அறுவை மருத்துவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். தேதி கேட்டேன். அவர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கேட்டார். ஹீமோகுளோபின் 8. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பெண்களுக்கு 12-க்குக் கீழ், ஆண்களுக்கு 13-க்குக் கீழ் போனால் ரத்தசோகை. எந்தக் கணக்கில் பார்த்தாலும் நான் தேறவில்லை.

“நாங்க ரெடி. உங்க ரத்தம் ரெடியா இல்ல. உடம்பைத் தேத்திட்டு வாங்க, தம்பி.”

தம்பி என்று கூப்பிட்டுவிட்டார். கோபப்படக்கூட முடியவில்லை.

சட்டையைக் கழற்றச் சொன்னார். பேண்டேஜ் அழுத்திய இடமெல்லாம் வரி வரியாகக் கறுத்து, மார்புக்கு அடியில் படர்தாமரை. அந்தத் தோலில் தையல் போட்டால் புண் ஆறாது, சீழ் வைக்கும் என்றார். கிரேப் பேண்டேஜ் மூச்சு விட விட இறுகுமாம், விலா எலும்பு வரை பாதிக்குமாம். நான் தறிக் கொட்டகைப் படியேறும்போது மூச்சு வாங்கியதற்கு இரண்டு காரணம் இருந்திருக்கிறது. மார்பை அழுத்துவதற்கென்றே அளவெடுத்துத் தைக்கும் பைண்டருக்கு மாறினேன். அதையும் எட்டு மணி நேரத்துக்கு மேல் போடக் கூடாது, தூங்கும்போது கழற்றிவிட வேண்டும்.

சிகரெட்டை விட்டதுதான் பெரும்பாடு. டீக்கடையில் ஆண்களோடு ஆணாக நிற்க எனக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டு அது. நிக்கோட்டின் சின்னச் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். மார்புக்காம்பை எடுத்து இடம் மாற்றி ஒட்டும்போது அந்தக் குழாய்கள் வழியாகத்தான் அது உயிர் பிடிக்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன்னால் குறைந்தது நான்கு வாரம், பின்னாலும் அதே அளவு, ஒன்றுகூடத் தொடக் கூடாது. ஹான்ஸ் புகையிலை போடுகிறவர்களுக்கும் இதேதான். அதிலும் இருப்பது நிக்கோட்டின்.

இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கினால் உடம்பில் ஒட்டாது. நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் ஒட்டும். ஆனால் ரத்தம் போகிற ஓட்டையை அடைக்காமல் மாத்திரை போட்டு என்ன பயன்? கடைசியில் அந்தப் பெண்கள் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். சீட்டுப் போடுகிற இடத்தில் ஒருவர் என் பழைய பெயரை ஊருக்கே கேட்கும்படி இரண்டு தடவை கத்தினார். எழுந்து போய்ச் சீட்டை வாங்கிக்கொண்டேன்.

ஹார்மோன் ஊசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெஸ்டோஸ்டிரான் சிவப்பணுக்களைக் கூட்டும். அளவு மீறினால் ரத்தம் கெட்டியாகி உறையலாம். ஜிம் நண்பர்களிடம் வாங்கித் தாங்களே குத்திக்கொள்கிற தம்பிகளை எனக்குத் தெரியும். ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரிடம் அதை மறைப்பவர்களும் உண்டு. எதை மறைத்தாலும் அந்த டாக்டரிடம் மறைக்காதீர்கள். திருநங்கைகள் ஈஸ்ட்ரஜனை நிறுத்த வேண்டுமா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபடும். அவரவர் டாக்டர் சொல்வதுதான் கணக்கு. ஈஸ்ட்ரஜனுக்குப் பதிலாகக் கருத்தடை மாத்திரையை அள்ளி விழுங்குவது மட்டும் எந்தக் கணக்கிலும் சேராது.

ஆபரேஷன் முடிந்து சில வாரம் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது, வாளி தூக்க முடியாது. ஆள் வேண்டும். அம்மாவிடம் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அவள் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் முருங்கைக்கீரைப் பொரியலைத் தட்டில் குவித்தாள். “ஆபரேஷன் பத்தி எங்கிட்ட பேசாத. கீரையைத் தின்னு.” ரிசல்ட் வரும்போதெல்லாம் நம்பர் ஏறியிருக்கா என்று முதலில் கேட்டவள் அவள்தான்.

திருநங்கை லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறான ‘நான் வித்யா’வைப் படித்தவர்களுக்குத் தெரியும், அந்தக் காலத்துத் திருநங்கைகள் ஆந்திராவுக்கு ரயிலேறிப் போய் எந்த நிலையில் அறுத்துக்கொண்டு திரும்பினார்கள் என்று. அந்தத் தலைமுறையிடம் யாரும் ஹீமோகுளோபின் கேட்கவில்லை. இன்று கேட்கிறார்கள் என்பதற்காகவே எரிச்சல்படுகிற தம்பிகளிடம் சொல்கிறேன்: வெறுத்த உடம்பைப் பேணுவது ஆரம்பத்தில் நடிப்பு மாதிரிதான் இருக்கும். பரவாயில்லை, நடியுங்கள். ரத்தம் ஏறி, என் மார்புத் தோல் ஆறிய பிறகு ஆபரேஷன் நடந்தது. தழும்பும் ஒழுங்காக ஆறியது.

அடையாள அட்டைக்காக அவசரப்படுகிறவர்களுக்கு ஒரு விஷயம். பாலினத்தை ஏற்க அறுவை சிகிச்சை கேட்பது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே சொல்லிவிட்டது. 2019-ல் வந்த சட்டமும் கலெக்டர் தரும் திருநர் சான்றிதழுக்கு ஆபரேஷன் கேட்கவில்லை. சான்றிதழுக்கு இப்போது என்ன விதி என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். உடம்புக்கு வேண்டிய அவகாசத்தை உடம்புக்குக் கொடுங்கள்.