சுருதி நிற்காத கிட்டார்

1954இல் சந்தைக்கு வந்த ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் மின் கிட்டாரின் குதிரையில் ஒரு மெல்லிய கைப்பிடி பொருத்தப்பட்டிருக்கும். அதை அழுத்தினால் ஆறு கம்பிகளும் ஒருசேரத் தளர்ந்து சுருதி இறங்கும். விட்டால் பழைய இடத்துக்கு ஏறும். லியோ ஃபெண்டர் இதற்கு ‘ட்ரெமலோ’ என்று பெயரிட்டார். 1956இல் வழங்கப்பட்ட காப்புரிமையிலும் அச்சொல்லே இருக்கிறது. ஆனால் இசையியலில் ட்ரெமலோ என்பது ஒலியளவின் அசைவு. சுருதியின் அசைவுக்குப் பெயர் வைப்ரேட்டோ. வேடிக்கை என்னவென்றால், அதே நிறுவனம் தன் ஆம்ப்ளிஃபையர்களில் ஒலியளவை அசைக்கும் வசதிக்கு ‘வைப்ரேட்டோ’ என்று பெயர் பொறித்தது. இரண்டு சொற்களும் இடம் மாறி அமர்ந்து 70 ஆண்டுகள் ஆகின்றன. வாசிப்பவர் எவருக்கும் இதனால் இடரில்லை. முதலாண்டு முதுகலை மாணவர்களுக்கு இடுகுறித்தன்மை நடத்தும் ஆசிரியர்கள் இந்த எடுத்துக்காட்டைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கள ஆய்வுக்காக விழிஞ்ஞத்தில் தங்கியிருக்கிறேன். கடலோரப் பேச்சில் தமிழும் மலையாளமும் ஒன்றோடொன்று புழங்கும் விதம் என் ஆய்வுப் பொருள். எனக்குத் தரவு தரும் முதிய மீனவர் ஒருவரின் பேரனிடம் ஸ்ட்ராடோகாஸ்டர் வடிவில் செய்யப்பட்ட பழைய கிட்டார் ஒன்று இருக்கிறது. திருமண வரவேற்புகளில் பாடும் குழு ஒன்றில் வாசிக்கிறான். இரண்டாம் பாட்டு முடிவதற்குள் சுருதி கலைந்துவிடும். இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகக் குழுவினர் சொல்லிவிட்டார்கள். நகரத்துக் கடை ஒன்றில் டியூனிங் கீ ஆறையும் மாற்றச் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பணமில்லாததால் கிட்டாரையே விற்றுவிடும் எண்ணத்தில் இருந்தான். என்னை உறுத்தியது அதுவன்று. அவன் கண்டுபிடித்து வைத்திருந்த காரணம். “என் காதுதான் சரியில்லை, சேச்சி” என்றான்.

கல்லூரி நாள் முதல் இக்கருவியோடு மல்லுக்கட்டி வருபவள் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

இக்குதிரை உடலில் அசையாமல் பதிந்த ஒன்றன்று. முன்விளிம்பு திருகாணிகளில் ஊன்றியிருக்க, ஒரு பக்கம் ஆறு கம்பிகள் இழுக்கின்றன. மறுபக்கம் கிட்டாரின் முதுகுக் குழியில் இருக்கும் ஸ்பிரிங்குகள் இழுக்கின்றன. மெல்லிய கம்பித் தொகுதி ஒன்றின் மொத்த இழுவிசை ஏறத்தாழ 38 கிலோ எடைக்குச் சமம். அத்தனை விசையும் ஈடு செய்யப்பட்டு, குதிரை நடுவில் மிதக்கிறது. ஆகவே ஒரு கம்பியை முறுக்கினால் குதிரை முன்சாய்ந்து மற்ற ஐந்தும் இறங்கும். ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் ஏறும். எந்தக் கம்பிக்கும் தனித்த சுருதி கிடையாது. மற்ற ஐந்தோடு அது கொண்டிருக்கும் உறவே அதன் சுருதி. சசூர் கண்டிருந்தால் சதுரங்க உவமையோடு இதையும் சேர்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றும். நடைமுறையில் இதன் பொருள், ஒரு சுற்றில் சுருதி சேராது என்பது. மூன்று நான்கு சுற்றுகள் பொறுமையாகச் சேர்க்க வேண்டும். வீணையில் இத்தொல்லை இல்லை. மெட்டின் மேல் தந்தியை எவ்வளவு இழுத்துக் கமகம் வாசித்தாலும் குதிரை நகராது. பக்கத்துத் தந்திகள் தம்பாட்டுக்கு இருக்கும்.

கருவியை எடுத்ததும் நான் எதையும் கழற்றவில்லை. கைப்பிடியை ஆழமாக அழுத்தி விட்டு, மூன்றாம் கம்பியை மீட்டி, என்ன ஆகியிருக்கிறது என்று அவனிடமே கேட்டேன். “ஏறியிருக்கு” என்றான். அடுத்து அதே கம்பியை மெட்டின் மேல் வளைத்துவிட்டு மீட்டினேன். “இப்போ இறங்கியிருக்கு.” கைபேசிச் செயலியில் பார்த்தேன், இருமுறையும் அவன் சொன்னதுதான் சரி. அந்த நுண்ணிய வேறுபாட்டைக் கேட்ட காதைத்தான் அவன் இத்தனை மாதங்கள் பழித்துக்கொண்டிருந்தான்.

நோய் எங்கே என்பதும் அத்துடன் தெரிந்துவிட்டது. கழுத்தின் தலைப்பகுதியில் கம்பிகள் பள்ளங்களில் பதிந்து செல்லும் சிறு துண்டை நட் என்பார்கள். கைப்பிடியை அழுத்தும்போது தளரும் கம்பி நட்டைத் தாண்டிக் கீ பக்கம் சற்று நழுவுகிறது. திரும்பும்போது பள்ளத்தில் சிக்கிக்கொண்டால் அந்தச் சிறு நீளம் அப்பாலேயே தங்கிவிடும். ஒலிக்கும் பகுதி இறுகிச் சுருதி ஏறும். கம்பியை வளைக்கும்போது நடப்பது இதற்கு நேரெதிர். கீ நழுவுவதாக இருந்தால் எப்போதும் இறங்கவேதான் செய்யும், ஏறாது. பிழை ஓர் ஒழுங்கோடு நிகழ்ந்தால் அதற்குள் விதி இருக்கிறது என்பதுதான் எங்கள் துறையின் பாலபாடம். இவ்வூர்ப் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சைக் ‘கெட்ட மலையாளம்’ என்று திருத்துகிறவர்கள் இந்த மூன்றாம் கம்பியைச் சற்றுக் கேட்கலாம்.

வேலை ஒரு மாலைப்பொழுதுதான். புதுக் கம்பிகள் போட்டு, கீயில் இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் போகாமல் சுற்றி, விரலால் நன்றாக இழுத்து இழுத்து அவற்றின் நெகிழ்வைத் தீர்த்தோம். நட்டின் பள்ளங்களை மெல்லிய உப்புத்தாளால் நீவி, பென்சில் கரியைத் தேய்த்தோம். குதிரையைப் பிடிக்கும் ஆறு திருகாணிகளும் தகட்டை நெரித்துக்கொண்டிருந்தன. நடு நான்கையும் அரைச் சுற்றுத் தளர்த்தினோம். ஃபிலாய்ட் ரோஸ் 1979இல் காப்புரிமை பெற்ற அமைப்பு கம்பிகளை நட்டிலேயே பூட்டிவிடும். சிறந்த வழி; ஆனால் இந்தக் கிட்டாரின் விலையே அவ்வளவு இராது.

நட்டைவிடப் பிடிவாதமான எதிரி உப்புக்காற்று. துறைமுகத்திலிருந்து வரும் ஈரம் ஸ்பிரிங்குகளிலும் திருகாணிகளிலும் துருவாகப் படிகிறது. மழைக்காலத்தில் கழுத்து மரம் ஈரம் குடித்து வளைவு மாறுகிறது. இவ்வூர்க் குடைவரைக் கோயிலில் வீணையேந்திய தட்சிணாமூர்த்தி சிற்பம் ஒன்று உண்டு. இந்தக் காற்றில் சுருதி கலையாத வாத்தியம் அவருடையது ஒன்றுதான்.

வாசித்து முடித்ததும் கம்பிகளைத் துணியால் துடைத்து, உறையில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். சென்ற நிகழ்ச்சியில் முழுவதும் வாசித்தான். குழு அவனை வைத்துக்கொண்டது. மாதமொரு கம்பித் தொகுதிக்குக் குழுப் பணத்திலிருந்து கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஸ்பிரிங்குகள் மூன்றும் துருவேறியவை. அவற்றை மட்டும் இன்னும் மாற்றவில்லை.